மதுராந்தகம் தாண்டியும் வலிக்காத சீட்

சென்னைக்குள்ளிருந்து பைக்கில் கிளம்புகிறவர்களுக்குத் தாம்பரம் வந்து சேர்வதற்குள்ளேயே பாதி உற்சாகம் வடிந்துவிடும். மேற்குத் தாம்பரத்துக்காரர்களான எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. விடியற்காலையில் வீட்டைப் பூட்டி வண்டியை எடுத்தால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்கள் வரிசையாகப் பின்னால் போகும். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டும்போது கிழக்கு வெளுத்திருக்கும். பரனூர் சுங்கச்சாவடியில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. ஓரத்து வழியில் நுழைந்து வெளியே வந்தால் செங்கல்பட்டு. அதுவரை உடம்பில் ஒரு குறையும் தெரியாது. மதுராந்தகம் நெருங்கும்போதுதான் சீட் தன் குணத்தைக் காட்டும். முதலில் ஒரு பக்கம் மரத்துப்போகும். சரி என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் இன்னொரு பக்கம் எரியத் தொடங்கும். அப்புறம் கண் சாலையைப் பார்த்தாலும் மனசு அடுத்த டிகிரி காபிக் கடை எங்கே வரும் என்றுதான் தேடும். காபி ஒரு சாக்கு. எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டி வாங்கும்போது எஞ்சினைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறோம். மைலேஜ், பிரேக், டயர், லைட் எல்லாம் விசாரிக்கிறோம். நாள் முழுக்க உடம்பு தொட்டுக்கொண்டிருக்கப்போவது சீட்டைத்தான். அதைப் பற்றி ஷோரூமில் கேட்பவர் அரிது. ஏறி உட்கார்ந்து, கையால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டுகிறோம்.

அந்த வலியோடு திண்டிவனம், விழுப்புரம் என்று போகும்போதெல்லாம் எனக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று, அப்பாவின் புல்லட்டில் இருந்த ஸ்பிரிங் சீட். இன்னொன்று, முடிச்சூர் சாலையில் சீட் தைத்துக் கொடுத்த பாயின் கடை. இரண்டும் இன்றைக்கு இல்லை.

அப்பாவுக்குத் தாம்பரம் மின்சார ரயில் பணிமனையில் வேலை. அவர் வைத்திருந்தது மிலிட்டரி டிஸ்போசல் வண்டி. ராணுவம் கழித்துவிட்டதை ஏலத்தில் எடுத்த யாரிடமோ வாங்கியது. மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தாலும் உரசிய இடங்களில் பழைய பச்சை எட்டிப் பார்க்கும். மிலிட்டரி வண்டி என்பதற்குப் பெரிய அடையாளம் அதன் சீட். ஓட்டுகிறவருக்குத் தனி, பின்னால் உட்காருகிறவருக்குத் தனி. முன் சீட் அரசிலை வடிவத்தில் இருக்கும். டாங்க்குப் பின்னால் ஒடுங்கிய முனை. அங்கே ஒரே ஒரு போல்ட், அதுதான் கீல். அகன்ற பின்பாகத்தின் அடியில் இரண்டு தடித்த சுருள் ஸ்பிரிங். அப்பா காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்ததும் ஸ்பிரிங் இரண்டும் ஒரு முனகலோடு இறங்கி நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா வாசல் கேட்டைத் திறப்பாள்.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இங்கிலாந்து வண்டியான 350 சி.சி. புல்லட் திருவொற்றியூர் ஆலையில் உருவாகத் தொடங்கியது. எல்லைக் காவலுக்கு ராணுவம் கேட்ட வண்டிகளின் தேவைதான் அதற்கு முதல் காரணம். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடியது. திருவொற்றியூரில் புல்லட் நிற்கவில்லை. அந்தக் கம்பெனியின் பெரிய ஆலைகள் இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும். தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் ஒரகடம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். வடசென்னையில் வளர்ந்த வண்டி எங்கள் பக்கம் குடிவந்துவிட்டது என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

ஸ்பிரிங் சீட் ஏன் வந்தது, ஏன் போனது என்பதற்கு நேரான காரணம் இருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பூட்டியிருக்கும். குழியில் சக்கரம் இறங்கினால் அந்த அடி முழுக்க ஓட்டுகிறவரின் முதுகுத்தண்டுக்கு வரும். அதைத் தாங்கத்தான் சீட்டுக்கே ஸ்பிரிங் வைத்தார்கள். பின்சக்கரம் தானாக ஏறி இறங்கும்படி ஸ்விங் ஆர்மும் ஷாக் அப்சார்பரும் பொருத்தி 1948-49-ல் வெளிவந்த முன்னோடி வண்டிகளில் புல்லட்டும் ஒன்று. சக்கரத்துக்கே ஸ்பிரிங் வந்துவிட்ட பிறகு சீட்டுக்கு எதற்கு என்றாகி, இரண்டு பேரும் ஒன்றாக உட்காரும் நீள சீட் வந்தது. செய்வது சுலபம், பார்க்கவும் லட்சணம். ராணுவ வண்டிகளில் மட்டும் ஸ்பிரிங் சீட் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வண்டிகளில் சக்கரத்திலும் சீட்டிலும் என்று இரண்டு இடத்திலும் ஸ்பிரிங். அதுதான் அவற்றின் சுகம்.

செஞ்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். திண்டிவனத்தில் மேற்கே திரும்ப வேண்டும். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அந்தப் புல்லட்டில்தான் போவோம். நான் டாங்க் மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, அப்பாவின் தோளில் ஒரு கை, மடியில் பையோடு இன்னொரு கை. பள்ளம் வந்தால் அப்பா ஒரு முறை எழும்பி இறங்குவார். கண்ணாடியில் பார்த்தால் அரை நொடி கழித்து அம்மா எழும்பி இறங்குவாள். ஒருவர் ஆட்டம் இன்னொருவரைத் தொடாது. இன்றைய நீள சீட்டில் பின்னால் இருப்பவர் நகர்ந்தால் முன்னால் இருப்பவருக்குத் தெரிகிறது. பிரேக் பிடித்தால் இருவரும் சேர்ந்து சரிகிறார்கள்.

அந்த சீட்டில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வேகமாகப் போனால் துள்ளும், ஏனென்றால் துள்ளலை அடக்க அந்த ஸ்பிரிங்கோடு வேறெதுவும் கிடையாது. ஸ்பிரிங்கின் இடுக்கில் விரலை விட்டால் நசுங்கும். ஆனால் ஊர் போய்ச் சேர்ந்ததும் அப்பா வண்டியை வேப்பமரத்தடியில் ஸ்டாண்ட் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடிக்காமல், கையைக் காலை உதறாமல், நேராக வயல் பக்கம் நடந்து போவார். அதே தூரம் போய் இறங்கினால் எனக்கு நிமிரவே நேரம் பிடிக்கிறது. அவருக்கு அன்றைக்கு இருந்த வயதைவிட எனக்கு இப்போது வயது கூடத்தான். இருந்தாலும் சீட்டுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்.

உட்காரும்போது பாரம் முழுக்கப் பின்பாகத்துச் சதையில் பரவுவதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள்தான் பெரும்பாரத்தைத் தாங்குகின்றன. உள்ளங்கைகளை மேலே பார்த்தபடி அடியில் வைத்து உட்கார்ந்தால் விரலில் குத்தும், அவைதான். சீட் ஒடுக்கமாக இருந்தால் அந்த முனைகள் ஓரத்துக்குப் போய்விடும், பாரம் நடுவில் இறங்கி நரம்பை அழுத்தும். முன்பக்கம் சரிந்திருந்தால் உடம்பு டாங்க் பக்கம் வழுக்கும், அதைத் தடுக்கத் தொடையும் தோளும் நாள் முழுக்கச் சண்டை போடும். மெத்தென்ற சீட்டில் வேறொரு ஆபத்து. அரை மணி நேரத்தில் ஃபோம் அமுங்கி, எலும்பு நேரே அடித்தகட்டில் உட்காரும். பழைய ஸ்பிரிங் சீட் பின்னால் அகலமாக இருந்ததால் இரண்டு முனைக்கும் இடம் கொடுத்தது. அமுங்க வேண்டிய வேலையை ஸ்பிரிங் பார்த்துக்கொண்டது. மேல் மெத்தை கெட்டியாகவே இருந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாய்.

புல்லட் போன பிறகு நான் வாங்கிய முதல் வண்டியின் சீட் தொந்தரவு கொடுத்தபோது ஒரு மெக்கானிக் அவரிடம் அனுப்பினார். முடிச்சூர் சாலையில், மூன்று பேர் நின்றால் நிறைந்துவிடும் கடை. ‘குஷன் ஒர்க்ஸ்’ என்று ஒரு தகரப் பலகை. வாசலில் ஆட்டோ சீட்டுகளும் ஸ்கூட்டர் சீட்டுகளும் தோல் உரிந்து கிடக்கும். உள்ளே கால் மிதி தையல் மெஷின், சுருட்டி நிறுத்திய ரெக்ஸின், ரப்பர் சொல்யூஷன் வாடை. பாய் பல்லாவரத்துக்காரர். அவருடைய அப்பா அந்தப் பக்கம் தோல் பதனிடும் பட்டறையில் வேலை பார்த்தவர். 1912-ல் குரோம் லெதர் கம்பெனி வந்து அடுத்த ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் கொடுத்த வட்டாரம் அது. தோலைத் தடவிப் பார்த்தே எந்த விலங்கு, உடம்பில் எந்த இடம் என்று சொல்லக்கூடிய மனிதர்கள் அங்கே இருந்தார்கள். பாய்க்கு அந்தக் கை வந்திருந்தது.

சீட்டைக் கழற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அதை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

“வண்டி எங்க தம்பி?”

“வீட்ல இருக்கு பாய். சீட்டை மட்டும்தான் எடுத்தாந்தேன்.”

“வண்டியும் வேணும், நீங்களும் வேணும். சீட்டை மட்டும் வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?”

மறுநாள் வண்டியோடு போனேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டு உட்காரச் சொன்னார். கைப்பிடியைப் பிடி, காலை ஃபுட்ரெஸ்டில் வை, ஊருக்குப் போகும்போது எப்படி உட்காருவீங்களோ அப்படி உட்காருங்க என்றார். பக்கவாட்டில் நின்று பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கடைப் பெஞ்சில் அட்டைப்பெட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டைப் போட்டு அதன் மேல் உட்காரச் சொன்னார். டீ வந்தது. டீ குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்க விடவில்லை. எழுந்ததும் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். அதில் இரண்டு பள்ளம். சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, நடுவிலிருந்த இடைவெளியை டேப்பில் அளந்தார்.

“இந்த ரெண்டு பள்ளத்துக்குத்தான் தம்பி சீட்டு. மத்ததெல்லாம் அழகுக்கு.”

ரெக்ஸினை உரித்து, கம்பெனி ஃபோமை அந்த இரண்டு இடத்திலும் தோண்டினார். ஹேக்சா பிளேடைத் தீட்டிச் செய்த கத்தி. அதை ஃபோமில் இழுத்தால் சத்தமே வராது. தோண்டிய இடத்தில் கெட்டியான ரீபாண்ட் ஃபோம், அதன் மேல் ஏதோ காரிலிருந்து வந்த பழைய அச்சு ஃபோம், அதற்கும் மேலே விரல்கனத்துக்கு மெல்லியது. மெல்லியதை மேலே வைப்பது கடையில் தொட்டுப் பார்க்கிறவர்களுக்காக என்றார். நம்மைச் சுமப்பது அடியில் இருப்பது. புதுப்பேட்டையில் கார் சீட் உடைக்கும் இடத்திலிருந்து அந்த அச்சு ஃபோமை வாங்கி வருவார். ஷீட்டாக வெட்டி விற்கும் ஃபோமைவிட அது நெடுநாள் தாங்கும் என்பது அவர் முடிவு. ஃபோமில் டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பது டென்சிட்டி. அது குறைந்தால் புதிதில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சீக்கிரம் தொய்ந்துபோகும். இந்த விவரத்தைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பாய் அதைக் கையில் கசக்கிப் பார்த்தே சொல்வார்.

முன்பக்கம் தொடை படும் ஓரங்களைச் செதுக்கி வளைத்தார். “ஒசரம் ஏத்தினா சிக்னல்ல கால் எட்டாது. பக்கத்துல கொறைச்சா அந்தக் காலு எறங்கும்” என்றார். அரை அங்குல ஃபோம் ஏறிய உயரத்தை ஓரத்தில் எடுத்துச் சரிக்கட்டிவிட்டார். தாம்பரம் சிக்னலில் இரண்டு காலும் முழுசாகத் தரையில் படுகிற சுகம் உயரம் குறைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் இன்றைக்கும் தேடுகிறேன். ரெக்ஸினைத் தைக்காமல், பழைய உறையையே நாலு கிளிப் போட்டுத் தற்காலிகமாக மாட்டினார். “செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வாங்க. வந்து எங்க குத்துதுன்னு சொல்லுங்க. அப்புறம் தைக்கிறேன்.” போய் வந்து, இடப்பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றேன். மறுபடி உரித்தார், ஒரு சீவல் எடுத்தார், மறுபடி அனுப்பினார். மூன்றாம் முறை நான் ஒன்றும் சொல்லாமல் சிரித்ததைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் உட்கார்ந்தார். தையல் உட்காரும் இடத்துக்கு நடுவே வராமல் ஓரமாக வரும்படி வெட்டினார். நடுத்தையல் அழகு, ஆனால் நூறு கிலோமீட்டர் போனால் அந்தக் கோடு உடம்பில் பதியும், மழை பெய்தால் தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். கறுப்பு ரெக்ஸின் வேண்டாம், சாம்பல் நிறம் போடலாம் என்றார். அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

அந்த சீட்டில் எவ்வளவோ ஊர் போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை ஏறி இறங்கினேன். ராமேஸ்வரம், ஏலகிரி, பழைய மலைச்சாலையில் ஏற்காடு என்று அலைந்தேன். இறங்கியதும் அப்பா மாதிரி நடந்து போனேன்.

2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்கின. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் தெருக்களில் காம்பவுண்ட் சுவர் முழுக்க பைக் சீட்டுகள் காய்ந்துகொண்டிருந்த காட்சி எனக்கு மறக்காது. ஃபோம் குடித்த சேற்றுத் தண்ணீர் லேசில் வெளியே வராது. அழுத்தினால் நாள் கணக்கில் வழியும். பாய் கடையிலும் இடுப்பளவு தண்ணீர். ரெக்ஸின் சுருள்கள் எல்லாம் போயின. இருந்தும் மெஷினைக் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டு, வரிசையாக வந்த சீட்டுகளை வாங்கி அடுக்கினார். வெள்ளத்தில் நனைந்த சீட்டுக்குக் கூலியைப் பாதிதான் வாங்கினார். அதற்குப் பிறகு சாலை அகலமானது, கடை சுருங்கியது, கொரோனாவில் மூடியது திறக்கவில்லை. அவர் மகன் ஒரகடம் பக்கம் ஒரு ஆலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

இப்போது என்னிடம் இருப்பது பெரிய வண்டி, நெடும்பயணத்துக்கென்றே செய்தது. சீட் மட்டும் எனக்குப் பொருந்தவில்லை. மாற்று சீட் தேடப் போனால் கண்ணைப் பறிக்கிறது சந்தை. வண்டி செய்கிற கம்பெனிகளே டூரிங் சீட் தனியாக விற்கின்றன. ஜெல் வைத்தது, மெமரி ஃபோம் வைத்தது, காற்றோட்டத்துக்கு வலைத்துணி போர்த்தியது, காற்றடைத்த அறைகள் கொண்டது என்று வகைவகையாக வருகின்றன. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனசில்லை. காற்று அறை மெத்தை, சக்கர நாற்காலியிலேயே நாளெல்லாம் இருப்பவர்களுக்குப் புண் வராமல் காக்க உருவான நுட்பம். அதை சீட்டின் மேல் கட்டிக்கொண்டால் அழுத்தம் பரவுவது உண்மை. கொஞ்சமாகத்தான் காற்று அடைக்க வேண்டும், நிறைய அடைத்தால் வளைவில் வண்டி நம் கையில் இல்லாத மாதிரி தோன்றும். ஜெல் அதிர்வை நன்றாக வாங்கும், ஆனால் நம் வெயிலில் சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வலைத்துணி வியர்வைக்கு நல்லது. இவை எல்லாமே யாரோ ஒருவரின் உடம்பை நினைத்துச் செய்தவை. அந்த ஒருவர் நான் இல்லை. பெட்டியில் வருகிற சீட் என்னை ஒரு முறை கூடப் பார்த்ததில்லை. செங்கல்பட்டு வரை போய்வந்து எங்கே குத்துகிறது என்று அதனிடம் சொல்லவும் முடியாது.

ஸ்பிரிங் சீட்டைத் திரும்பக் கொண்டுவரவும் வழி உண்டு. 2009 வாக்கில் வந்த கிளாசிக் வண்டிகளில் ஒற்றை ஸ்பிரிங் சீட் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் பழைய வண்டிகளுக்கும் மாட்டிக்கொண்டார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் கேட்டால் இன்றும் கிடைக்கலாம். ஆனால் இந்தக் கால வண்டிச் சட்டத்தில் அதைப் பூட்ட வெல்டிங் தேவைப்படும், பின்னால் உட்காருகிறவருக்கு இடம் போய்விடும். என் மனைவி என்னோடு எல்லா ஊருக்கும் வருகிறவள், அதனால் அந்த ஆசையை விட்டுவிட்டேன். பாய் மாதிரி ஒருவரைத் தேடும் ஆசையை விடவில்லை. சேலையூரிலிருந்து ஊரப்பாக்கம் வரை விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். நல்ல கை உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஆட்டோ சீட்டும் வேன் சீட்டும் தைத்து வயிற்றைக் கழுவுகிறார்கள். பைக் ஓட்டுகிறவர்கள் போய் உட்கார்ந்து நேரம் கொடுத்தால் அவர்களும் நேரம் கொடுப்பார்கள்.

நெடும்பயணத்துக்கு சீட் மாற்ற நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்டர் போடும் முன் உங்கள் ஏரியாவில் ஒரு குஷன் ஒர்க்ஸ் கடை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டை மட்டும் அனுப்பாமல் வண்டியோடு நேரில் போங்கள். முன்பின் ஆனால் பழையபடி மாட்டிக்கொள்ள ஒரிஜினல் சீட்டைத் தொடாமல் வைத்துவிட்டு, புதுப்பேட்டையில் ஒரு பழைய சீட்டை வாங்கி அதில் வேலை செய்யச் சொல்லுங்கள். தைப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். அவர் கடை மூடினால் அடுத்த முறை உங்கள் உடம்பைப் பார்த்துச் செய்து தர ஆள் இருக்காது.